பெட்டியின் வலது ஓரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் முதல் நாளே கட்டளைப் பெட்டி போடக் காட்டித் தந்திருப்பார்கள். விசைப்பலகையின் இடது மேல் மூலையில் ஒரு சின்னச் சாய்ந்த கோடு இருக்கிறது. அதை மூன்று தரம் அடித்து, அடுத்த வரியில் கட்டளையை எழுதி, கீழே மறுபடியும் மூன்று தரம் அடித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வரும். ஐந்து நிமிடத்தில் பழகக்கூடிய வேலை. அதைப் பற்றி ஒருத்தி இவ்வளவு நீளத்துக்கு என்ன எழுதப்போகிறாள் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மாங்குளத்துப் பால் என்னைத் திருத்தும்வரை.

இந்த மாத முடிவோடு நான் விலகுகிறேன். கிளிநொச்சியில் ஒரு வன்பொருள் கடையின் மேல்மாடியில் இரண்டு மேசையோடு இந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து, இங்கே செய்யும் கருவிகளுக்கு வழிகாட்டிப் பக்கங்கள் எழுதிவந்தவள் நான். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். வயதில் என்னில் பாதியான பிள்ளைகள்கூட என்னை ரீச்சர் என்று கூப்பிடுவது அதனால்தான்.

கட்டளைப் பெட்டியில் எனக்குத் தனி விருப்பம் இருந்தது. நாங்கள் பாவிக்கும் மார்க்டவுன் இலகுவான ஏற்பாடு: வெறும் எழுத்து, நடுநடுவே சில குறிகள். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, கண்டதையெல்லாம் அழகுபடுத்தப் பார்க்கும். கட்டளைக்குள் ஒரு சோடி நட்சத்திரம் வந்தால், எழுத்தைச் சாய்த்துக் காட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து நட்சத்திரங்களை விழுங்கிவிடும். இரண்டு சிறு கோடுகளைச் சில இடங்களில் ஒன்றாக ஒட்டிவிடும். பெட்டிக்குள் போட்டதில் மட்டும் கைவைக்காது. வைத்தது வைத்தபடி நிற்கும். சண்டைக் காலத்தில் இரண்டு தரம் வீட்டை விட்டு ஓடியவள் நான். வைத்ததை வைத்தபடி திரும்பக் கண்ட அனுபவம் எனக்குக் குறைவு. அந்தச் சாம்பல் பெட்டி எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாங்குளத்தில் ஒரு பால் சேகரிப்பு நிலையம். ஒட்டுசுட்டான் வீதியிலிருந்தும் புளியங்குளம் பக்கத்திலிருந்தும் காலையில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கான்களில் பால் வரும். அதை ஒரு பெரிய உருக்குத் தாங்கியில் ஊற்றிக் குளிரவைப்பார்கள். மதியம் கழிய வவுனியாவிலிருந்து லொறி வந்து எடுத்துப்போகும். நான்கு பாகைக்குக் குளிராத பாலை லொறிக்காரர் ஏற்கமாட்டார். ஏற்காவிட்டால் அவ்வளவு வீட்டுக் காலைப்பாலும் நிலத்தில்தான்.

அந்தத் தாங்கியைக் கட்டுப்படுத்தும் கருவியை நாங்கள் செய்துகொடுத்தோம். பொத்தான்கள் வைத்த திரை இன்னும் தயாராகவில்லை. அதனால் முதல் மாதம் மட்டும், பால் ஊற்றியதும் ஒரு கட்டளையை விசைப்பலகையில் அடிக்கவேண்டும்: எந்தத் தாங்கி, கலக்கு, குளிரவை, எத்தனை பாகைக்கு. எல்லாம் ஒரே வரியில். நீளமான வரி. அதை நான் ஒரு பெட்டிக்குள் போட்டு, மேலும் கீழும் தெளிவாக நாலு வசனம் எழுதி, பக்கத்தின் இணைப்பை நிலையப் பொறுப்பாளருக்கு அனுப்பினேன். என் கணினியின் அகன்ற திரையில் அந்தப் பக்கம் மிக அழகாக இருந்தது.

பொறுப்பாளர் சலீம் நானா. முல்லைத்தீவுக்காரர், பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவரிடம் பால் பரிசோதிக்கும் வேலைக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு பெண் சேர்ந்திருந்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அந்தப் பெண் என் மகள் தர்சினி.

அவள் வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து நான் பட்ட பாட்டை இந்த அலுவலகத்தில் கேட்டால் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். மூன்றாம் நாள் அவள் பஸ்ஸால் இறங்கியதாகச் செய்தி வரவில்லையென்று சலீம் நானாவுக்கே போன் எடுத்துவிட்டேன்.

"பிள்ளை வந்திட்டுது ரீச்சர்" என்றார் அவர். "பாலுக்கு முந்தியே வந்திட்டுது."

பழைய சுவிச்சைக் கழற்றிவிட்டு எங்கள் கருவிக்கு மாறிய முதல் நாள் காலை. ஒன்பது மணி கழிந்து கொஞ்ச நேரம். கைபேசியில் தர்சினியின் பெயர். 

"ரீச்சர், மாங்குளத்தில இருந்து கதைக்கிறன்" என்றாள். வேலை விசயமாக எடுத்தால் அவளும் அப்படித்தான் சொல்வாள். "தாங்கி குளிருதில்லை. பச்சை லைற் எரியுது. கலக்கிற தட்டும் சுத்துது. ஆனா முப்பது பாகையிலேயே நிக்குது."

கருவிக்கு மென்பொருள் எழுதிய நிரோஜன் அடுத்த மேசையில் இருந்தான். அவனுக்குச் சொன்னேன். "மெசின் சரி ரீச்சர். நேற்று நானே அடிச்சுப் பாத்திட்டு வந்தனான். அவை பிழையா அடிக்கினம்" என்றான். நான் என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கட்டளை முழுதாக, ஓர் எழுத்துப் பிசகாமல் பெட்டிக்குள் இருந்தது.

"எழுதிக் கிடக்கிறபடி அடிச்சனியே?"

"ஓம்."

"திரும்ப அடி. ஆறுதலா."

விசைகளின் சத்தம் கேட்டது. "அடிச்சிட்டன். அதேதான்."

மூன்றாம் தரமும் அடித்தாள். அதேதான். இரண்டு கையும் தேவையென்று என்னை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கான்கள் முட்டுவதும், பால் கொண்டுவந்தவர்கள் "என்னவாம், என்னவாம்" என்று கேட்பதும் எனக்குக் கேட்டது. ஆகவே நான் சொல்வதும் அங்கே எல்லோருக்கும் கேட்கும் என்று தெரிந்துகொண்டுதான் அடுத்ததைச் சொன்னேன்.

"நீ சின்னனில இருந்தே அவசரக்குடுக்கை. ஒழுங்காப் பாத்து அடிச்சால் வேலை செய்யும்."



 பக்கம் என் கண்ணுக்கு முன்னால் சரியாக இருந்தது. கருவி சரியென்று செய்தவனே சொன்னான். மிச்சம் இருந்தது பிள்ளை மட்டும்தான். இரண்டு வாரத்துக்கு முன் சேர்ந்த பிள்ளை. பயம் வந்தால் மனம் மிகச் சுருக்கமான வழியால்தான் போகும். என் மனமும் அதால்தான் போனது.

சலீம் நானாதான் முதலில் பேசினார். "ரீச்சர், பிள்ளை ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுத் தொட்டுத்தான் அடிக்குது. நானும் பக்கத்திலதான் நிக்கிறன்."

அப்படியானால் நீங்களும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் பெரிய யோசனை ஒன்றைச் சொன்னார்: "சந்தியில ஒரு மீன் லொறி நிக்குது. ஐஸ் வாங்கி உள்ளுக்குக் கொட்டுவமே?"

"அதுதான் சரி" என்று இரண்டு மூன்று குரல்கள்.

"கொட்டினாக் குளிரும்தான் அண்ணை" என்றாள் தர்சினி. "பிறகு தண்ணி கலந்த பாலெண்டு லொறி திருப்பி அனுப்பும். இப்ப குளிராத பால்தான். அப்ப களவுப் பாலாகிடும். வேண்டாம்."

அவளுடைய குரல் நடுங்கவில்லை. தாய் எல்லோருக்கும் முன்னால் ஏசி அரை நிமிடம் ஆகவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவளைவிட மூத்தவர்கள். பால் சூடாகவே கிடக்கிறது. அவள் நிதானமாக, காரணம் சொல்லி, மறித்தாள். அவசரக்குடுக்கை அப்படிப் பேசமாட்டாள். நான் போட்ட கணக்கில் ஏதோ பிழை இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு விடை பிழைத்தால், "திரும்பச் செய்" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "செய்ததைக் கொண்டுவந்து காட்டு" என்றுதான் சொல்வேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்த மரியாதையை அன்று என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. மூன்று தரமும் திரும்பச் செய் என்றே சொல்லியிருக்கிறேன்.

"தர்சினி, அடிக்கிறதை விடு. உனக்கு முன்னால என்ன கிடக்கோ அதை எனக்கு வாசி. ஒவ்வொரு எழுத்தா."

அவள் வாசித்தாள். என் திரையில் விரலை வைத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். எல்லாம் சரி, எல்லாம் சரி, எல்லாம் சரி. பாதி வரியில் அவள் நிறுத்தினாள்.

"பிறகு?"

"அவ்வளவுதான்."

"இல்லை, இன்னும் கிடக்கு."

"இல்லை."

"பெட்டியை விரலால இடப்பக்கம் இழு. மிச்சம் வரும்."

"எதை இழுக்கிறது?"

"பெட்டியை."

"அம்மா" என்றாள். ரீச்சர் போய்விட்டது. "இது சுவரில ஆணி அடிச்சுக் கிடக்கு."

நிரோஜன் கதிரையோடு திரும்பி என்னைப் பார்த்தான்.

"நான்தான் ரீச்சர்" என்றது சலீம் நானாவின் குரல், கொஞ்சம் பெருமையோடு. "நீங்கள் அனுப்பினதை நேற்றுச் சந்தியில பிறின்ற் எடுத்து, லமினேற் பண்ணி மாட்டினனான். ஈரக்கையோட போனைத் தொடேலாது பாருங்கோ. எல்லாருக்கும் தெரியட்டும் எண்டு எழுத்தையும் பெருசாக்கிக் குடுத்தனான்."

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கடதாசி முக்கியமானது என்று பட்டால் அன்றைக்கே அதைப் பிளாஸ்ரிக்குக்குள் போட்டுவிடுவோம். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளையின் தடுப்பூசி அட்டை. நனைந்தும் எரிந்தும் தொலைந்தும் போன கடதாசிகளுக்காக வருடக்கணக்கில் கந்தோர் கந்தோராக அலைந்த சனம். என் வீட்டு அலுமாரியிலும் ஒரு கட்டு இருக்கிறது. சலீம் நானா என் பக்கத்துக்கு அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறார். அது அவருடைய பிழை இல்லை. அவர் அப்படிச் செய்வார் என்று தெரிந்திருக்கவேண்டியவள் நான்.

பெட்டி எழுதியதை எழுதியபடி காக்கும் என்றேன் அல்லவா. அதனால்தான் நீண்ட வரியையும் மடிக்காது. திரை சிறிதானால் மிச்சத்தை வலது பக்கத்தில் மறைத்து வைத்துக்கொள்ளும்; விரலால் தள்ளினால் காட்டும். கடதாசியைத் தள்ள முடியாது. அங்கே மிச்சம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமும் இருக்காது. எங்கள் கெட்ட காலத்துக்கு, ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இடத்தில் தாள் முடிந்திருக்கிறது. ஒரு சொல்லின் நடுவில் முறிந்திருந்தால் கருவி பிழையென்று காட்டியிருக்கும். இந்தப் பாதியோ தனியாகவும் ஒழுங்கான ஒரு கட்டளை: தாங்கியைக் கலக்கு. கருவி பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு, சொன்னபடி கலக்கிக்கொண்டிருந்தது. குளிரவைக்கச் சொன்ன பகுதி தாளுக்கு வெளியே.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் விசயமல்ல. கைபேசியை ஸ்பீக்கரிலிருந்து எடுக்கச் சொல்லி, மிச்சப் பாதியை மகளின் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். அவள் அடித்திருப்பாள், தாங்கி குளிர்ந்திருக்கும், கடைசியில் பிள்ளை ஒழுங்காக அடித்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். எங்கள் கருவியின் முதல் நாள். இந்த அலுவலகத்தின் பெயர். சில விநாடிகள் அந்த யோசனை என் மண்டைக்குள் இருந்தது. நிரோஜன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்பீக்கரிலயே இருக்கட்டும்" என்றேன். "எல்லாருக்கும் கேக்குதே? பிள்ளையில பிழை இல்லை. அவ சரியாத்தான் அடிச்சவ. நான் போட்ட பக்கத்தில பாதி தாளுக்கு வெளியில போயிட்டுது. பிழை என்ர."

 பிறகு பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல்: "எந்தப் பாதி எங்க போனாலும் பறவாயில்லைப் பிள்ளை, மற்றப் பாதியைக் கெதியாச் சொல்லு."

அங்கே எல்லோரும் சிரித்தார்கள். தர்சினியும் சிரித்தாள், எனக்குக் கேட்டது. 

நான் சொல்லச் சொல்ல அவள் மாக்கரால் எழுதினாள். பிளாஸ்ரிக்கின் ஓரத்திலிருந்து தொடங்கி, ஆணியைத் தாண்டி, வெள்ளை அடித்த சுவரில். அடிக்கச் சொன்னேன். அவள் அடிக்கவில்லை. "முதல்ல முழுக்க வாசிச்சுக் காட்டுறன். பிறகு அடிக்கிறன்" என்றாள். வாசித்து முடித்துவிட்டு, "பாகை நாலுதானே? நாப்பது இல்லையே?" என்றும் கேட்டாள். "நாலு" என்றேன். அடித்தாள்.

குளிரூட்டும் இயந்திரம் உறுமத் தொடங்கியது கிளிநொச்சிவரை கேட்டது. முப்பதாகவே நின்றது. பிறகு, "இருபத்தொன்பது" என்று அவள் சொன்னபோது அங்கே யாரோ கானில் தாளம் தட்டினார்கள்.

அதோடு நான் ஓய்ந்திருக்கவில்லை. கட்டளையை மூன்று சிறு கட்டளைகளாகப் பிரித்தால் கருவி ஏற்குமா என்று நிரோஜனைக் கேட்டேன். ஏற்கும் என்றான். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில், உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல் எழுதினேன். பெரிய எழுத்தில் தாளில் எடுத்து வலது ஓரத்தைப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளோடு மாங்குளத்துக்குப் பஸ் ஏறினேன்.

நான் இறங்கிப் போகும்போது லொறி முற்றத்தில் நின்றது. சொன்ன நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முந்தி வந்துவிட்டது. தாங்கியில் ஏழு பாகை. தர்சினி உள்ளே மானியைப் பார்த்தபடி நின்றாள். என்னைக் கண்டதும் ஏழு விரலைக் காட்டினாள். வெளியே சலீம் நானா லொறிக்காரரைக் கதிரையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, கதை கொடுத்துக்கொண்டிருந்தார். மகளின் கலியாணத்துக்கு எத்தனை சகன் சாப்பாடு வைத்தது, புத்தளத்தில் உப்பு எப்படி எடுப்பார்கள், தன் பழைய மோட்டார் சைக்கிள் எந்தெந்த இடத்தில் நின்றது. இரண்டு தரம் லொறிக்காரர் எழும்பினார். இரண்டு தரமும் சலீம் நானா, "இருங்கோ தம்பி, முக்கியமான இடத்தை இன்னும் சொல்லேல்ல" என்றார்.

"நாலு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவ்வளவுதான் கதை" என்று சலீம் நானா எழும்பிவிட்டார்.

லொறிக்காரர் வெப்பமானியைப் போட்டுப் பார்த்தார். மணந்தார். சின்னக் குழாயில் எடுத்து மருந்து விட்டுக் குலுக்கிப் பார்த்தார். தலையாட்டினார். குழாயை மாட்டினார்கள். பால் லொறிக்குள் போகும் சத்தத்தை அவ்வளவு ஆசையாக நான் ஒருநாளும் கேட்டதில்லை. லொறி போனதும், நின்றவர்களுக்கு நடுவில் சலீம் நானா சொன்னார்: "இனி இந்தப் பிள்ளையைக் கேக்காமல் தாங்கியில ஒருத்தரும் கைவைக்கப்படாது. நானும்தான்."

கொண்டுபோன தாளை நான் அவரிடம் கொடுக்கவில்லை. மகளிடம் கொடுத்தேன். அவள் சுவருக்கு முன்னால் நின்று வாசித்தாள். அவசரமே இல்லாமல் வாசித்தாள். பிறகு சொன்னாள்: "கடைசிப் பெட்டிக்குக் கீழ ஒரு வரி போடுங்கோ. பச்சை லைற்றை நம்பாதேங்கோ, பத்து நிமிசத்தில பாகை இறங்குதோ எண்டு பாருங்கோ எண்டு." நான் எழுதிய எந்த வரியைவிடவும் அது பிரயோசனமான வரி. இப்போதும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் எழுதும் பக்கத்தை யாரோ ஈரக்கையோடு வாசிப்பார்கள். கடதாசியில் எடுப்பார்கள், சுவரில் அடிப்பார்கள், படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்புவார்கள். உங்கள் அகன்ற திரை அங்கே போகாது. சரியாகத்தான் செய்தேன் என்று யாராவது சொன்னால், உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துச் சரியென்று பதில் சொல்லாதீர்கள். அவர்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்க மூன்று தரம் பிந்தினேன்.

அன்று பின்னேரம் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். யன்னல் பக்கம் அவள். கனகராயன்குளம் பக்கமிருந்து வரும் பஸ், நெருக்கம் அதிகம். இருக்க இடம் கிடைத்ததே பெரிய விசயம். நான் சொல்ல நினைத்ததைத் தொடங்கத் தெரியாமல் கைப்பையின் சிப்பைத் திறந்தும் மூடியும் கொண்டிருந்தேன்.

"அவசரக்குடுக்கை எண்டு இண்டைக்கு நாலு பேர் கூப்பிட்டவை" என்றாள் அவள், வெளியே பார்த்தபடி.

"ஆர் ஆர்?"

"சொல்லமாட்டன். நீங்கள் போன் எடுத்துச் சண்டை பிடிப்பீங்கள்."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது, தர்சினி. அதுவும் ஆக்களுக்கு முன்னால."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏசினதும் ஸ்பீக்கரில. பிழை என்ர எண்டு சொன்னதும் ஸ்பீக்கரில" என்றாள். "கணக்குச் சரி, ரீச்சர்."